நியூயார்க்கில் சிகரெட் குறைந்த கதை: தடை, விலை, ஒரு தொலைபேசிக் கணக்கெடுப்பு

நியூயார்க் நகரம் புகைப்பழக்கத்தைக் குறைத்தது எப்படி என்று கேட்டால் உடனே வரும் பதில் பார் தடை. 2003 மார்ச் 30 முதல் பாரிலும் உணவகத்திலும் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்றார்கள். கதை அத்தோடு முடிந்துவிட்டதுபோலத்தான் பலரும் பேசுகிறார்கள். நகரச் சுகாதாரத் துறையின் எண்களை ஆண்டுவாரியாக வைத்துப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. 2002இல் வயதுவந்தோரில் 21.5 சதவீதம் பேர் புகைத்தார்கள். 2010இல் அது 14 சதவீதம். இடையில் எண் ஒருமுறை அசையாமல் நின்றிருக்கிறது. 2010க்குப் பிறகு ஏறவே செய்திருக்கிறது. நின்றபோதும் ஏறியபோதும் நகரம் என்ன செய்தது, அந்த எண்ணுக்குள் வராமல் போனவர்கள் யார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

காசநோய் நிபுணர் வந்த பிறகு

1990களில் நியூயார்க்கின் புகைப்போர் விகிதம் பத்து ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே இடத்தில் கிடந்தது. சட்டமே இல்லாமல் இல்லை. 1995இல் 35 இருக்கைகளுக்கு மேலுள்ள உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது, பாருக்கு விலக்கு. சட்டம் இருந்தும் விகிதம் அசையவில்லை.

2002 ஜனவரியில் மைக்கேல் புளூம்பெர்க் மேயரானார். ஒருகாலத்தில் புகைத்து, பிறகு விட்டவர். பொதுச் சுகாதாரத்துக்குச் சொந்தப் பணத்தை அள்ளிக் கொடுத்த கோடீசுவரர். அவர் சுகாதார ஆணையராகக் கொண்டுவந்த தாமஸ் ஃப்ரீடன் அதுவரை புகையிலை ஒழிப்பில் பெயர் வாங்கியவர் அல்லர், காசநோய் நிபுணர். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பரவியபோது அதை அடக்கியவர்களில் ஒருவர். அதன் பிறகு 1996 முதல் 2002 வரை இந்தியாவில் இருந்து, நம் தேசியக் காசநோய்த் திட்டம் மாவட்டம் மாவட்டமாக விரிவதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வழியாக உதவினார்.

அவரைப் பற்றி அவரே பல இடங்களில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. காசநோய்த் தடுப்பின் பெரியவரான காரெல் ஸ்டைப்லோ நியூயார்க்குக்கு வந்து, சென்ற ஆண்டு கண்டறிந்த 3,811 நோயாளிகளில் எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள் என்று கேட்டார். ஃப்ரீடனிடம் பதில் இல்லை. எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம், எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. குணமானவர்களுக்குத்தான் கணக்கு இல்லை.

காசநோய்ப் பதிவேட்டில் ஊறிய ஒருவர் சிகரெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்டது எண்ணைத்தான். நகரத்தில் எத்தனை பேர் புகைக்கிறார்கள், எந்தப் பகுதியில், எந்த வயதில்? மாநில அளவிலான ஆய்வுகளிலிருந்து நகரத்துக்கு ஒரு குத்துமதிப்பு கிடைத்தது. பகுதிவாரியாக எதுவும் இல்லை. அதனால் 2002இலேயே நகரம் சொந்தமாக ஒரு தொலைபேசிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஆண்டுதோறும் சுமார் 10,000 பேரிடம் உடல்நலம் பற்றிய கேள்விகள். முதல் ஆண்டுக் கணக்கின்படி நகரத்தில் ஏறக்குறைய 13 லட்சம் பேர் புகைத்தார்கள். பார் தடையைப் பற்றி எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இந்தக் கணக்கெடுப்பைப் பற்றி எழுதப்படவில்லை. நியாயம்தான், தொலைபேசியில் கேள்வி கேட்பதைப் படம் பிடித்துப் போட முடியாது.

எட்டு சென்ட் ஒன்றரை டாலர் ஆனது

முதல் அடி விலையில் விழுந்தது. 2002 ஜூலையில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கான நகர வரி 8 சென்டிலிருந்து 1.50 டாலராக உயர்ந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மாநில அரசும் தன் வரியை 1.50 டாலர் ஆக்கியிருந்தது. ஆக, பாக்கெட்டின் மேல் நகரமும் மாநிலமும் சேர்ந்து 3 டாலர். கடையில் ஒரு பாக்கெட் 7 டாலரைத் தாண்டியது.

இந்த வரி சுகாதாரக் காரணத்துக்காக மட்டும் வந்துவிடவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நகரத்தின் பட்ஜெட்டில் ஏறக்குறைய 500 கோடி டாலர் ஓட்டை. அதை அடைக்க எங்கெல்லாம் வரி போடலாம் என்று தேடிய காலம் அது. அதே ஆண்டின் இறுதியில் சொத்து வரியையே 18.5 சதவீதம் ஏற்றினார்கள். நிதித் துறைக்குப் பணம் வேண்டும், சுகாதாரத் துறைக்கு விலை ஏற வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றன. இப்படி ஒரு சேர்க்கை அமையாமல் எந்த ஊரிலும் பெரிய புகையிலை வரி நிறைவேறுவது கடினம் என்றே நினைக்கிறேன்.

விலை ஏறினால் பழக்கம் குறையும் என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. வளர்ந்த நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு ஏறக்குறைய 4 சதவீதம் குறையும் என்பது பொருளாதாரத்தில் நிலைத்துவிட்ட கணக்கு. கைக்காசு குறைவாக உள்ள இளைஞர்களிடம் அது இன்னும் வேகமாக வேலை செய்யும். 2002க்கும் 2003க்கும் இடையே நியூயார்க்கில் புகைப்போர் 11 சதவீதம் குறைந்தார்கள். ஏறக்குறைய 1,40,000 பேர். ஆண், பெண், வெள்ளையர், கறுப்பர், உள்ளூரில் பிறந்தவர், வெளிநாட்டில் பிறந்தவர், நகரத்தின் ஐந்து நிர்வாகப் பகுதிகள் என எல்லாவற்றிலும் சரிவு தெரிந்தது. ஃப்ரீடனும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் குறைவின் பெரும்பங்கை வரியின் கணக்கில்தான் எழுதியது.

அதே கட்டுரையில், அதிகம் மேற்கோள் காட்டப்படாத இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. அந்த ஓராண்டில் நகரத்துக்கு வெளியே வாங்கப்பட்ட சிகரெட்டின் பங்கு இரட்டிப்பானது. ஏற்றிய விலையில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே ஒழுகிப்போனது. ஓட்டையை முதல் ஆண்டிலேயே அவர்கள் பார்த்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பாரில் வேலை செய்தவரின் எச்சில்

2002 டிசம்பரில் நகர மன்றத்தில் 42க்கு 7 என்ற வாக்கில் தடைச் சட்டம் நிறைவேறியது. பார் உரிமையாளர்கள் கொதித்தார்கள். தொழில் படுத்துவிடும், சுற்றுலா போய்விடும், நியூயார்க் நியூயார்க்காக இருக்காது என்றார்கள். கலிபோர்னியா 1998லேயே பாரில் தடை போட்டிருந்தது. ஆனால் கலிபோர்னியாவின் வெயிலில் வெளியே நின்று புகைப்பதும் மன்ஹாட்டனின் ஜனவரியில் நிற்பதும் ஒன்றா என்பது வாதம்.

நகர அரசு அந்த வாதத்துக்குள் போகவில்லை. வாடிக்கையாளரின் உரிமையைப் பேசாமல் வேலைக்காரரின் உரிமையைப் பேசியது. பாரில் எட்டு மணி நேரம் நிற்பவர் மற்றவர் விட்ட புகையைச் சுவாசிக்கிறார். எந்தத் தொழிற்சாலையிலும் இதை அனுமதிக்க மாட்டோம், இங்கே மட்டும் ஏன்? சட்டத்தின் அரசியல் வெற்றிக்கு இந்தத் திருப்பம்தான் காரணம். புகைப்பவரைத் திருத்த வந்த சட்டமாக அது பார்க்கப்பட்டிருந்தால் தோற்றிருக்கும்.

முதல் வாரங்கள் நல்லபடியாகப் போகவில்லை. ஏப்ரலில் ஈஸ்ட் வில்லேஜில் ஒரு இரவு விடுதியின் வாயிற்காவலர், உள்ளே புகைக்க வேண்டாம் என்று சொன்னதில் கிளம்பிய தகராறில் குத்துப்பட்டு இறந்தார். நாளேடுகள் மேயரைப் பிடித்துக்கொண்டன. புளூம்பெர்க்கின் செல்வாக்கு அந்த ஆண்டு படுமோசமாகச் சரிந்தது. சொத்து வரியும் சேர்ந்து அடித்தது. ஆனால் 2003 ஜூலையில் மாநிலம் முழுவதற்கும் அதே தடை வந்ததும், பக்கத்து மாவட்டத்துக்குக் கூட்டம் போய்விடும் என்ற பயம் அர்த்தம் இழந்தது. 2005இல் புளூம்பெர்க் மீண்டும் ஜெயித்தார்.

ஓராண்டு முடிவில் நகரம் வெளியிட்ட அறிக்கைப்படி உணவகம், பார்களிலிருந்து வந்த வரி வசூல் 8.7 சதவீதம் கூடியிருந்தது, வேலைவாய்ப்பும் கூடியிருந்தது, சோதித்த இடங்களில் 97 சதவீதம் சட்டத்தைக் கடைப்பிடித்தன. வசூல் கூடியதற்குத் தடைதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. 2001இன் அடியிலிருந்து நகரமே எழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. தொழில் படுத்துவிடும் என்ற ஆரூடம் பொய்த்தது, அவ்வளவுதான்.

எனக்கு அந்த வரி வசூலைவிடப் பெரிய சான்று எச்சிலில் கிடைத்தது. நிகோடின் உடலுக்குள் சிதைந்து கோட்டினின் என்ற பொருளாகும். எச்சிலை எடுத்தால் அளந்துவிடலாம். தாங்கள் புகைக்காத, ஆனால் பாரிலும் உணவகத்திலும் வேலை செய்கிற நியூயார்க் மாநிலத்து ஊழியர்களின் எச்சிலைத் தடைக்கு முன்னும், ஓராண்டு கழித்தும் எடுத்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 3.6 நானோகிராமிலிருந்து 0.8க்கு இறங்கியிருந்தது. எந்த ஊழியருடைய உடலுக்காகச் சட்டம் போட்டோம் என்றார்களோ அவருடைய உடலிலேயே அளந்து காட்டிய பதில் இது.

தபாலில் தொலைந்த பட்டை

2003 ஏப்ரலில் இலவச நிகோடின் பட்டை கொடுத்தார்கள். தோலில் ஒட்டிக்கொண்டால் சிறிது சிறிதாக நிகோடின் இறங்கும். சிகரெட்டை விட்டவருக்கு வரும் நடுக்கமும் எரிச்சலும் தணியும். நாளைக்குப் பத்து சிகரெட்டாவது புகைப்பவர் தொலைபேசியில் அழைத்தால் போதும், ஆறு வாரத்துக்கான பட்டை வீட்டுக்குத் தபாலில் வரும். லட்சக்கணக்கான அழைப்புகள் குவிந்து இணைப்பே திணறியது. கடைசியில் 34,090 பேருக்குப் பட்டை போனது. அவர்களில் 64 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள், வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது ஏழைப் பகுதிகளில் வசிப்பவர்கள். சுகாதாரத் திட்டம் என்றாலே வசதியானவர்தான் முதலில் வரிசையில் நிற்பார் என்ற அனுபவத்துக்கு இது நேர்மாறு.

தபால் குளறுபடியில் சிலருக்குப் பட்டை போய்ச் சேரவில்லை. நிர்வாகத்துக்குத் தலைவலி, ஆய்வாளர்களுக்கு அதிர்ஷ்டம். விட வேண்டும் என்று தாங்களாக அழைத்தவர்கள், தகுதியுள்ளவர்கள், ஆனால் பட்டை மட்டும் கிடைக்காதவர்கள்: ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல குழுவைத் திட்டமிட்டுக்கூட அமைத்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் தொடர்புகொண்டபோது பட்டை பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். தவறியவர்களில் 6 சதவீதம் பேர். இந்தத் திட்டத்தால் மட்டும் குறைந்தது 6,038 பேர் விட்டார்கள் என்றும், விட்ட ஒருவருக்கு ஆன செலவு 464 டாலர் என்றும் 2005இல் லான்செட் மருத்துவ இதழில் கணக்கு வெளியானது. ஒரே ஒரு நுரையீரல் புற்றுநோயாளிக்கு மருத்துவமனை போடும் பில்லை நினைத்துப் பார்த்தால் இது சில்லறை.

தொண்டையில் ஓட்டை

2004இல் விகிதம் 18.4 சதவீதம். 2005இல் 18.9. ஏறிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் இறக்கம் நின்றுவிட்டது. வரி ஏறி மூன்று ஆண்டு ஆகியிருந்தது, அந்த விலைக்கு மக்கள் பழகிவிட்டார்கள். தடைக்கும் பழகிவிட்டார்கள். ஆண்டுதோறும் எண்ணாத நகரமாக இருந்தால் இது தெரிந்தே இருக்காது. 2003இன் வெற்றியையே இன்னும் பத்து ஆண்டுக்கு விழா எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

2006இல் தொலைக்காட்சியில் கடுமையான விளம்பரங்கள் ஓடத் தொடங்கின. தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை இழந்த ஒருவர் கழுத்தில் ஓட்டையோடு வருவார். கழுத்தில் கருவியை அழுத்தி, இயந்திரக் குரலில் பேசுவார். தனக்கு நீச்சல் பிடிக்கும். இனி நீந்த முடியாது, ஓட்டை வழியாக நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும் என்பார். மரணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சாவைக் காட்டிப் பயமுறுத்தும் விளம்பரத்தை இருபத்தைந்து வயதுக்காரர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இனி குளத்தில் இறங்க முடியாது என்பது அவரைப் பிடித்து நிறுத்தும். 2006 கணக்கெடுப்பில் விகிதம் 17.5க்கு இறங்கியது. ஆண்களிடமும் ஸ்பானிய வம்சாவளியினரிடமும் இறக்கம் தெளிவாகத் தெரிந்தது.

இதே பாணியைக் கடைக்குள் கொண்டுபோனபோது நகரத்துக்குத் தோல்வி. சிகரெட் விற்கும் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே சொத்தைப் பல், நோயுற்ற நுரையீரல் படங்களை ஒட்ட வேண்டும் என்று 2009இல் விதித்தார்கள். புகையிலை நிறுவனங்களும் கடைக்காரர் சங்கங்களும் வழக்குப் போட்டன. 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2012இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. சிகரெட் எச்சரிக்கை வாசகம் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் அதிகாரம், நகரம் அதில் தலையிடக் கூடாது என்பது காரணம். 2011 மே மாதம் பூங்கா, கடற்கரைகளிலும் தடை வந்தது. அதனால் விகிதத்தில் பெரிய வித்தியாசம் வந்ததாக நான் நினைக்கவில்லை. திறந்தவெளிப் புகையால் மற்றவருக்கு வரும் கேடும் பாரில் வருவதோடு ஒப்பிட முடியாது.

ஐந்து டாலர் ஆள்

இனி வரியில் விழுந்த ஓட்டைக்கு வருவோம்.

2008இல் மாநில வரி 2.75 டாலர் ஆனது. 2010 ஜூலையில் 4.35. நகர வரி 1.50ஐயும் சேர்த்தால் ஒரு பாக்கெட்டுக்கு 5.85 டாலர். அதே காலத்தில் வர்ஜீனியா மாநிலத்தில் வரி 30 சென்ட். வித்தியாசம் பாக்கெட்டுக்கு 5.55, பத்து பாக்கெட் கொண்ட ஒரு கார்ட்டனுக்கு 55.50. வர்ஜீனியாவில் டிக்கி நிறைய ஏற்றி, நெடுஞ்சாலையில் ஒரே இரவு வடக்கே ஓட்டினால் நியூயார்க். இதைவிடப் பாதுகாப்பான கடத்தல் பொருள் எது? பிடிபட்டாலும் போதைப்பொருளுக்குக் கிடைக்கும் தண்டனை இல்லை. பூர்வகுடியினரின் தனிநிலங்களில் வரியில்லாமல் விற்ற சிகரெட்டும் பெட்டி பெட்டியாக நகரத்துக்குள் வந்தது. அதன் மேல் நகரம் வருடக்கணக்கில் வழக்கு நடத்தியது.

ஹார்லெம் தெருக்களில் இதன் முகம் ஒரு மனிதர். 2002 வரி உயர்வுக்குப் பிறகு அங்கே புகைப்பவர்களிடம் பேசிய ஆய்வாளர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள்: 'ஐந்து டாலர் ஆள்'. கடையில் ஏழு டாலருக்கு மேல் விற்கும் பாக்கெட்டை மூலையில் நின்று ஐந்துக்குத் தருபவர். வேலையில்லாத பகுதியில் அது ஒரு வேலை. வாங்குபவருக்கு லாபம், விற்பவருக்கு வருமானம். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். பிறகு தென் பிராங்க்ஸில் ஓர் ஆய்வுக்காகத் தெருவில் எறிந்த காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி அடிப்பக்க வரி முத்திரையைப் பார்த்தார்கள். கணக்கெடுப்பில் மனிதர் பொய் சொல்லலாம், குப்பை சொல்லாது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பாக்கெட்டுகளில் நகர, மாநில வரி சேர்ந்த முத்திரை இல்லை.

பாக்கெட்டை உடைத்து ஒவ்வொன்றாக விற்கும் உதிரி சிகரெட்டும் உண்டு. நியூயார்க்கில் இதற்கு 'லூசி' என்று பெயர். விற்பது சட்ட விரோதம். நம் டீக்கடையில் பாட்டில் மூடிக்குப் பக்கத்தில் கிடக்கும் தீப்பெட்டியோடு வெகு இயல்பாக நடக்கிற வியாபாரம், அங்கே போலீஸைப் பார்த்தால் ஓடவேண்டிய வியாபாரம். 2014 ஜூலை 17 அன்று நகரத்தின் ஸ்டேட்டன் தீவுப் பகுதியில் எரிக் கார்னர் என்ற கறுப்பரைப் போலீசார் சூழ்ந்தது உதிரி சிகரெட் விற்றதாகச் சந்தேகப்பட்டுத்தான். ஓர் அதிகாரி கழுத்தை நெரித்துப் பிடித்தார். மூச்சுவிட முடியவில்லை என்று கார்னர் திரும்பத் திரும்பச் சொன்னது கைப்பேசி வீடியோவில் பதிவானது. அவர் இறந்தார். அந்த அதிகாரி 2019இல் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

கார்னரின் சாவுக்கு சிகரெட் வரியே காரணம் என்று வரி எதிர்ப்பாளர்கள் சிலர் எழுதினார்கள். அது போலீஸின் வன்முறையை வரிக் கொள்கையின் தலையில் கட்டும் வேலை. ஆனால் பொதுச் சுகாதாரத்துக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தொடாமலே கடந்தது அதைவிட நல்ல செயல் என்று சொல்ல முடியாது. விலையை இவ்வளவு உயர்த்தினால் நகரத்தின் வரி ஒழுகிப்போகும் என்பது 2005 கட்டுரையிலேயே எழுத்தில் இருந்தது, தெருவில் ஒரு சந்தை முளைப்பது அதன் தொடர்ச்சி. அந்தச் சந்தையை ஒடுக்கப் போவது போலீஸ், அவர்கள் போகப் போவது கறுப்பர்கள் வாழும் தெருவுக்கு என்பதும் அந்த நகரத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. மொத்த விநியோகத்தில், கிடங்கில், நெடுஞ்சாலையில் பிடித்திருக்க வேண்டியதைத் தெருமுனையில் பிடித்தார்கள்.

விலையின் சுமையும் சமமாக விழவில்லை. 2010-11இல் நியூயார்க் மாநிலத்தில் ஆண்டுக்கு 30,000 டாலருக்குக் கீழ் சம்பாதித்த புகைப்பவர்கள் வருமானத்தில் 23.6 சதவீதத்தை சிகரெட்டுக்கே கொடுத்தார்கள். 60,000க்கு மேல் சம்பாதித்தவர்கள் 2.2 சதவீதம். விலை ஏறியதும் விட்டவருக்கு வரி நல்லது செய்தது. விட முடியாத ஏழைக்கு அது அபராதம். இலவசப் பட்டையை 2003இல் கொடுத்ததுபோல ஒவ்வொரு வரி உயர்வோடும் பெரிய அளவில் சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கலாம்.

எண் ஏறிய மூன்று ஆண்டுகள்

2010இல் 14 சதவீதம் என்ற எண் வந்தபோது, எல்லாம் ஏறக்குறைய முடிந்தது என்ற எண்ணம் பலருக்கு. 2011இல் 14.8. 2012இல் 15.5. 2013இல் 16.1. 2007க்குப் பிறகு முதல் முறையாகப் புகைப்போர் மறுபடி பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். வரி குறையவில்லை, தடை தளரவில்லை. குறைந்தது பணம். மாநிலத்தின் புகையிலைத் தடுப்புத் திட்ட ஒதுக்கீடு 2008க்குப் பிறகான சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. தொலைக்காட்சி விளம்பரமும் அதனோடு மெலிந்தது. சட்டம் போட்டால் போட்டதுதான், அதற்கு மாதச் சம்பளம் தேவையில்லை. விளம்பரமும் பட்டையும் தொலைபேசி ஆலோசனையும் அப்படியல்ல. பட்ஜெட்டில் கத்தி விழும்போது முதலில் வெட்டுப்படுவது அவைதான். 2013 கணக்கு வெளியானதும் புதிய விளம்பரங்கள் வந்தன. 2014இல் 13.9.

சராசரி எண் சிலரை மறைக்கவும் செய்தது. ஆசிய ஆண்களிடம், முக்கியமாகச் சீன மொழி பேசுவோரிடம், மற்ற எல்லாரிடமும் தெரிந்த அளவுக்கு இறக்கம் இல்லை. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓடிய விளம்பரம் அவர்கள் காதில் விழவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் எண் தனிக் கதை. 2001இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 17.6 சதவீதம் பேர் புகைத்தார்கள், 2007இல் 8.5. பாதிக்கும் கீழே. பிறகு 2013 வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மறுபடி அதே முறை: நின்றதைப் பார்த்தார்கள், அடுத்த கருவியைத் தேடினார்கள். 2013 நவம்பரில் புளூம்பெர்க் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். சிகரெட் வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது, 2014 மே முதல் அமல். இன்னொன்று பாக்கெட்டுக்குக் குறைந்தபட்ச விலை 10.50 டாலர் என்று வைத்து, தள்ளுபடிக் கூப்பன்களைத் தடுத்தது. கடையில் சிகரெட்டைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்ற மூன்றாவது யோசனையைக் கைவிட்டார்கள்.

21 என்ற வயதுக்குக் காரணம் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு சிகரெட் வாங்கித் தருபவர் பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பதினெட்டு வயதுக்காரர்; இருபத்தொரு வயதுக்காரர் பள்ளியில் இருக்க மாட்டார். 2015இல் மாணவர் விகிதம் 5.8க்கு இறங்கியது. அதே ஆய்வில் மின்சிகரெட் பயன்படுத்திய மாணவர்கள் 15.9 சதவீதம். ஒரு கதவை மூடியதும் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. சுவையூட்டிய மின்சிகரெட்டை நகரம் தடை செய்தபோது 2020 ஜூலை ஆகிவிட்டது.

புளூம்பெர்க்குக்குப் பின் வந்த பில் டி பிளாசியோ அவருடைய கொள்கைகள் பலவற்றைக் கடுமையாக விமர்சித்தே பதவிக்கு வந்தவர். சிகரெட்டில் மட்டும் அதே பாதையில் போனார். 2017 சட்டங்கள் குறைந்தபட்ச விலையை 13 டாலராக்கின. 2019 ஜனவரி முதல் மருந்துக் கடைகளில் புகையிலை விற்கத் தடை வந்தது. சில்லறை விற்பனை உரிமங்களுக்குப் பகுதிவாரியாக உச்சவரம்பு வந்தது. யாருடைய கடையையும் பூட்டவில்லை. உரிமம் உள்ளவர் தொழிலை விட்டால் அந்த இடம் தானாக நிரம்பாது, அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதியிலும் உரிமங்கள் பாதியாகும்வரை இது நடக்கும். மெதுவான வழி, ஆனால் தெருவில் போலீஸ் தேவைப்படாத வழி. கார்னருக்குப் பிறகு வந்த சட்டம் என்பதை வைத்துப் பார்த்தால் இதன் வடிவம் புரிகிறது.

நம்மிடம் வந்த பகுதி

2006இல் புளூம்பெர்க் 12.5 கோடி டாலர் கொடுத்து ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் புகையிலையைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். இந்தியா அதில் முக்கிய நாடு. 2008இல் அவருடைய நிதியோடு உலகச் சுகாதார நிறுவனம் 'எம்பவர்' என்ற ஆறு அம்சத் தொகுப்பை அறிவித்தது. கணக்கெடு, புகையிலிருந்து காப்பாற்று, விட உதவு, எச்சரி, விளம்பரத்தைத் தடு, வரியை உயர்த்து. அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க்கில் ஓடிப் பார்த்தவை. வரிசையில் முதலில் நிற்பது கணக்கு.

நம்மிடம் சட்டங்கள் வந்துவிட்டன. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2இல் முழு விதிகளோடு அமலானது. பாக்கெட்டில் படம் போட்ட எச்சரிக்கை, நியூயார்க் கடையில் ஒட்ட முயன்று தோற்றது, இங்கே பாக்கெட்டின் மேலேயே இருக்கிறது. ஆனால் உதிரியாக ஒன்று வாங்குபவர் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. பாக்கெட்டுக்கு ஏறும் வரியும் அவர் கைக்கு வரும்போது ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகத் தேய்ந்துவிடுகிறது. 2020 செப்டம்பரில் மகாராஷ்டிரம் உதிரி விற்பனையைத் தடை செய்தது. இதை அமல்படுத்துவது யார், யாரைப் பிடிப்பார்கள் என்ற கேள்விக்கு ஸ்டேட்டன் தீவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் சிகரெட் பெரிய பூதமும் அல்ல. 2016-17 தேசிய ஆய்வுப்படி வயதுவந்தோரில் சிகரெட் புகைப்பவர் 4 சதவீதம், பீடி 7.7, மெல்லும் புகையிலை 21.4. நியூயார்க்கின் கருவிகள் எல்லாம் சிகரெட்டுக்காகச் செய்யப்பட்டவை. பார் தடையால் வாயில் ஹான்ஸ் அடக்கியிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டின் மேல் கூடுதல் தீர்வை போட்டு, பீடிக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தேசிய ஆய்வு முதலில் நடந்தது 2009-10இல். இரண்டாவது சுற்றுக்கு ஏழு ஆண்டு ஆனது. மொத்தப் புகையிலைப் பயன்பாடு 34.6 சதவீதத்திலிருந்து 28.6க்கு இறங்கியதாக அது சொன்னது. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் அதில் எண் உண்டு. ஒரு மாநகராட்சி ஆணையர் தன் ஊரில் சென்ற ஆண்டு எத்தனை பேர், இந்த ஆண்டு எத்தனை பேர் என்று கேட்டால் அதைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஸ்டைப்லோ ஃப்ரீடனிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டாலும் இதே நிலைதான்.